ஆடம்பரம்: யார் சொல்வது, யாரைப் பார்த்துச் சொல்வது?

2025 செப்டம்பர் 21ஆம் தேதி வரை இந்தியாவில் ஏசிக்கும் 32 அங்குலத்தைவிடப் பெரிய தொலைக்காட்சிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதம். மறுநாள் முதல் 18 சதவீதம். 350 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளும் அதே படிக்கு இறங்கியது. அதற்கு மேற்பட்ட வண்டி, பெரிய கார், சொந்த உபயோகத்துக்கான விமானம், உல்லாசப் படகு ஆகியவை 40 சதவீதப் படிக்குப் போயின. ஆடம்பரப் பொருள்களுக்கும் உடலுக்குக் கேடானவற்றுக்கும் சேர்த்து வகுக்கப்பட்ட படி அது. சுவரில் மாட்டிய ஏசி ஓர் இரவில் ஆடம்பரப் பட்டியலை விட்டு வெளியே வந்தது. இயந்திரத்தில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. தங்க நகையோ 2017 முதல் 3 சதவீத வரியோடு, அந்தப் பட்டியலின் பக்கமே போகாமல் இருக்கிறது.

ஆடம்பரம் என்பது பொருளில் இருக்கிறதா, அதை வைத்திருப்பவரிடம் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்குச் சட்டம், அறநெறி, பொருளியல், விளம்பரம், சூழலியல் என ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விடை தந்திருக்கிறது. அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தெரிவது இது: ஆடம்பரம் என்ற சொல்லைப் பெரும்பாலும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில்லை; இன்னொருவரைப் பார்த்தே சொல்கிறார். அப்படிச் சொன்னவர்கள் பல நூற்றாண்டுகளாக மேலிருந்து கீழ்நோக்கியே கை நீட்டியிருக்கிறார்கள்.

வழக்கில் உள்ள சொற்கள்

ஆங்கிலத்தில் லக்ஸரி என்ற ஒரே சொல் சுமக்கும் பொருளைத் தமிழ் பல சொற்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த ஆடம்பரத்துக்கு அங்கே முரசு, ஆரவாரம் என்ற பொருள்கள் உண்டு. படாடோபம் பாம்பு படம் விரிப்பதைக் குறித்த வடசொல்லின் வழியே வந்தது. டாம்பீகம் தம்பத்திலிருந்து பிறந்தது. இல்லாததை இருப்பதாகக் காட்டும் பொய்யும் அதில் கலந்திருக்கிறது. பகட்டும் இந்த வரிசையில் சேரும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பார்வையாளர் வேண்டும். ஆளில்லாத தீவில் யாரும் படாடோபம் செய்ய முடியாது.

சொகுசு வேறு வகை. தெலுங்கில் அழகையும் நயத்தையும் குறிக்கும் சொகசு தமிழில் உடம்புக்கு இதமானதைக் குறிக்கிறது. மெத்தையில் படுப்பது சொகுசு. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் அது சொகுசுதான். “அவ சொகுசா வளந்த பொண்ணு” என்றால் வெயிலில் நிற்க மாட்டாள், பாத்திரம் தேய்க்க மாட்டாள் என்று பொருள். ஊருக்குக் காட்டிக்கொள்கிறாள் என்று பொருள் இல்லை. “நமக்கு எதுக்கு இந்த ஆடம்பரமெல்லாம்?” என்று கல்யாண மண்டப வாசலில் யாராவது கேட்டால், அது செலவைப் பற்றியும் ஊரார் பேச்சைப் பற்றியும் ஒரே மூச்சில் சொன்னது.

இதற்கு வெளியேயும் ஒரு பயன்பாடு பெருகிவருகிறது. இரண்டு நாள் காய்ச்சலுக்குப் படுத்திருப்பதுகூடத் தனக்கு ஆடம்பரம் என்கிறார் தினக்கூலி வேலைக்குப் போகிறவர். கைக்குழந்தைக்காரி எட்டு மணி நேரத் தூக்கத்தை அப்படிச் சொல்கிறாள். ஒருவர் தன்னைப் பற்றியே இந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்ளும் அரிய இடம் இது. இங்கே ஆடம்பரம் என்பது மிகுதியைக் குறிக்கவில்லை. எல்லோருக்கும் இருக்க வேண்டியது தனக்கு இல்லாமல் போனதைக் குறிக்கிறது. சொல் தன் எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டது.

தடைச் சட்டங்களின் நீண்ட வரலாறு

ஆடம்பரத்தைச் சட்டம் போட்டு அடக்கும் முயற்சி மிகப் பழையது. ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்த கி.மு. 215இல் ரோம் ஒப்பியச் சட்டத்தை நிறைவேற்றியது. பெண்கள் அரை அவுன்சுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது, பலவண்ண உடை உடுத்தக் கூடாது, சமயச் சடங்குக்கு அன்றி நகருக்குள் வண்டியில் போகக் கூடாது என்றது அது. போர் முடிந்து செல்வம் திரும்பிய பின்னும் சட்டம் நீடித்தது. கி.மு. 195இல் பெண்கள் தெருவில் இறங்கி நின்றார்கள். கான்சலாக இருந்த கேட்டோ கடுமையாக எதிர்த்தும் சட்டம் நீக்கப்பட்டது. ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டு முதலில் வீட்டுப் பெண்களின் மேல் வைக்கப்பட்டதை இங்கே கவனிக்க வேண்டும்.

பிற்கால ரோமில் மூத்த பிளினி போட்ட கணக்கும் அதே திசையில்தான் போகிறது. இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் வெளியேறுகிறது, நம் ஆடம்பரத்துக்கும் நம் பெண்களுக்கும் கொடுக்கும் விலை இவ்வளவு என்று அவர் நொந்துகொண்டார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி முசிறி போன்ற துறைமுகங்களின் வழியே சேர நாட்டு மிளகுக்கும் பாண்டிய நாட்டு முத்துக்கும் வந்தது. இங்கே மலைச்சரிவில் கொடியேறிக் காய்க்கும் மிளகு, அங்கே நாட்டையே ஏழையாக்கும் ஆடம்பரம். கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக் கேட்ட ஈட்டுப் பொருளில் 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1574இல் வெளியிட்ட உடைக் கட்டுப்பாட்டு ஆணை ஊதா நிறப் பட்டை அரச குடும்பத்துக்கும் உயர் பிரபுக்கள் சிலருக்கும் மட்டுமே உரியதாக்கியது. கீழே ஒவ்வொரு தகுதியாருக்கும் இன்ன துணி என்று வரிசை வகுத்தது. வீண்செலவைத் தடுப்பது என்று காரணம் சொல்லப்பட்டாலும், உடையைப் பார்த்ததும் ஆளின் தகுதி தெரிய வேண்டும் என்பதே உள்ளிருந்த கவலை.

இந்தக் கவலை நம் மண்ணில் சாதியின் வடிவத்தில் இருந்தது. கொங்கு நாட்டுக் கம்மாளர்களுக்குக் கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் பிறப்பிக்கப்பட்ட அரசாணை ஒன்று கரூர்க் கல்வெட்டில் இருக்கிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அது உரிமை வழங்குகிறது. கோயிலுக்கு விமானம் எழுப்பிய, சிலை வடித்த கைகள் தம் சுவரில் சாந்து பூச அரசன் அனுமதி வேண்டியிருந்தது.

திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல் வந்த அரச அறிவிப்பும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் உரிமை கொடுத்தது. 1930இன் இறுதியில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் தலித் மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழ் ஆடை இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் பூச்சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மானிடவியலாளர் ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ரோமில் தங்கமும் இங்கிலாந்தில் பட்டும் தடைப்பட்டபோது தடுக்கப்பட்டவை உண்மையிலேயே விலை உயர்ந்தவை. ராமநாதபுரத்தில் தடுக்கப்பட்டவையோ பெரும்பாலும் பனியனும் குடையும் செருப்பும். விலை அங்கே பொருட்டாகவே இல்லை. ‘உனக்கு எதுக்கு இது?’ என்ற கேள்வியே சட்டமாகிவிட்டிருந்தது.

தீமையா, நன்மையா: ஐரோப்பிய விவாதம்

இடைக்கால ஐரோப்பாவில் லக்ஸூரியா ஏழு பெரும் பாவங்களுள் ஒன்று. காமத்துக்கு அதுவே பெயர். 18ஆம் நூற்றாண்டில் வணிகம் பெருகியதும் இந்தப் பாவத்துக்கு வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். லண்டனில் வாழ்ந்த டச்சு மருத்துவர் பெர்னார்ட் மாண்டவில் 1705இல் தேனீக்களைப் பற்றி ஒரு செய்யுள் எழுதி, 1714இல் அதை விரித்து நூலாக்கினார். பகட்டும் வீண்செலவும் தனிமனிதருக்குத் தீமை, நாட்டுக்கோ அவை வேலை தருகின்றன என்பது அவர் வாதம். பணக்காரர் சிக்கனமாகிவிட்டால் தையற்காரரும் கொல்லரும் பட்டினி கிடப்பார்கள். டேவிட் ஹியூம் 1752இல் ‘ஆடம்பரம் பற்றி’ என்ற கட்டுரையை வெளியிட்டார். நயமான வாழ்க்கை மக்களை உழைப்பாளிகளாகவும் பண்பாளர்களாகவும் ஆக்குகிறது என்றார். 1760இல் அந்தக் கட்டுரையின் தலைப்பை ‘கலைகளில் நயம்’ என்ற பொருள்பட மாற்றினார். ஆடம்பரத்துக்காக வாதாடியவருக்கே அந்தச் சொல் உறுத்தியிருக்கிறது. எதிர்த்தரப்பில் ரூசோ, ஒருவரின் ஆடம்பரம் இன்னொருவரின் வறுமையால் நிற்கிறது என்ற நிலையில் நின்றார்.

இந்த விவாதத்தைத் திருப்பிவிட்டவர் ஆடம் ஸ்மித். 1776இல் வெளிவந்த தன் நூலில் அவர் லினன் சட்டையை எடுத்துக்கொண்டார். கிரேக்கரும் ரோமானியரும் லினன் இல்லாமல் சுகமாகவே வாழ்ந்தார்கள். ஆனால் ஸ்மித் காலத்து ஐரோப்பாவில் கூலித் தொழிலாளி ஒருவர் அந்தச் சட்டை இல்லாமல் பொது இடத்துக்கு வர வெட்கப்படுவார். உயிர் வாழத் தேவையானது மட்டும் அத்தியாவசியம் இல்லை. வெட்கமின்றி நாலுபேர் நடுவே நிற்கத் தேவையானதும் அத்தியாவசியம்தான். இருநூறு ஆண்டு கழித்து அமர்த்தியா சென் வறுமையைப் பற்றி எழுதும்போது இதே சட்டைக்குத் திரும்பி வந்தார். ராமநாதபுரத்தில் பறிக்கப்பட்ட பனியனும் இந்தக் கணக்கில் அத்தியாவசியமே.

1899இல் அமெரிக்கர் தார்ஸ்டைன் வெப்லென் பார்வையைப் பணக்காரர் பக்கம் திருப்பினார். செல்வம் இருந்தால் போதாது, இருப்பது தெரிய வேண்டும். அதற்காகவே செலவு செய்யப்படுகிறது என்றார். விலை ஏறினால் வாங்குவோர் குறைவார்கள் என்பது சந்தையின் பொது விதி. காட்டுவதற்காக வாங்கும் பொருளுக்கு விலை ஏறுவதே ஈர்ப்பாகலாம். அவற்றை இன்றும் வெப்லென் பொருள்கள் என்றே பொருளியலார் அழைக்கிறார்கள். சொகுசையும் ஆடம்பரத்தையும் தமிழ் வழக்கு எப்போதோ பிரித்துவைத்திருந்தது. பொருளியல் அந்தப் பிரிவினைக்கு வெப்லென் வழியாக வந்து சேர்ந்தது.

பொருளியலின் அளவுகோல்

அறநெறி வேண்டாம், எண்ணில் சொல்லுங்கள் என்றால் பொருளியலிடம் தெளிவான இலக்கணம் இருக்கிறது. வருமானம் 10 சதவீதம் கூடும்போது ஒரு பொருளின் மேல் செலவு 10 சதவீதத்துக்கும் மேல் கூடினால் அது ஆடம்பரப் பொருள். குறைவாகக் கூடினால் அத்தியாவசியம். இதன் வேர் 1857இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் கண்ட விதி: வருமானம் கூடக்கூட உணவுக்குப் போகும் பங்கு சுருங்கும்.

இந்தியாவிலும் அது நடக்கிறது. தேசிய மாதிரி ஆய்வுகளின்படி 1999–2000இல் கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 59 சதவீதத்தைத் தாண்டியிருந்தது; 2022–23இல் சுமார் 46 சதவீதம். நகரத்தில் 48இலிருந்து 39க்கு இறங்கியது. மிச்சப்பட்ட பங்கு வண்டி, கைப்பேசி, பள்ளிக் கட்டணம், மருத்துவம், வீட்டுச் சாதனங்கள் என்று போகிறது.

ஆனால் இந்த அளவுகோல் எதற்கு எவ்வளவு வேகமாகச் செலவு கூடுகிறது என்பதை மட்டும் பார்க்கிறது. ஏன் கூடுகிறது என்று கேட்பதில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஏழைக் குடும்பம் முதலில் பாலும் பழமும் வாங்குகிறது, தள்ளிப்போட்ட வைத்தியத்தைச் செய்துகொள்கிறது. அந்த வேகத்தைப் பார்த்து எண் அவற்றை ஆடம்பரம் என்று காட்டக்கூடும். வருமானம் குறைந்தாலும் குறையாத பீடிச் செலவை அத்தியாவசியம் என்று காட்டக்கூடும். நெடுநாள் பட்டினி கிடந்த தேவையும் பணக்காரரின் புது ஆசையும் வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும்.

நேற்று ஆடம்பரம், இன்று ரேஷன்

கரிசல் காட்டிலும் பிற வானம் பார்த்த பூமியிலும் ஒரு காலத்தில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், கேப்பை, வரகு. வீட்டில் நெல்லுச்சோறு பொங்குவது வசதியின் அடையாளம். 2008இல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கு வந்தது; 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைக்கிறது. அதே காலத்தில் வரகும் தினையும் சாமையும் நகரத்து அங்காடிகளில் அழகான பொட்டலத்தில் ஏறி, நல்ல பொன்னி அரிசியைவிடக் கூடிய விலைக்கு விற்கின்றன. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நட்சத்திர ஓட்டல்களிலும் கேப்பைக் களிக்கு இடம் கிடைத்தது. ஏழையின் சாப்பாடும் வசதியானவரின் சாப்பாடும் ஒரு தலைமுறைக்குள் இடம் மாறிக்கொண்டன.

காப்பியின் கதையும் இப்படித்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பழைய சோற்றையும் நீராகாரத்தையும் விரட்ட வந்த கெட்ட பழக்கம் என்று பத்திரிகைகளில் திட்டு வாங்கியது. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காப்பியைத் திட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது தமிழ்ப் பண்பாட்டின் அடையாளம்.

ஆடம்பரமா அத்தியாவசியமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது தொலைக்காட்சியால். 2006 தேர்தலில் திமுக வண்ணத் தொலைக்காட்சி இலவசம் என்றது. வென்று வந்து கொடுக்கவும் செய்தது. 2011இல் அதிமுக மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி தந்தது. இவை பொதுநோக்கம் ஆகுமா என்று தொடரப்பட்ட சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்தல் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றதோடு, ஒரு காலத்தில் ஆடம்பரமாகக் கருதப்பட்டவை இன்று தேவையாகிவிட்டன, வாழ்க்கைத் தரம் என்பதன் உள்ளடக்கம் காலத்தோடு மாறும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று 2022இல் விவகாரம் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இந்த விவாதத்தில் கிரைண்டருக்குத் தனி இடம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஓட்டுக்குக் கொடுத்த சாமான். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து குழவியைச் சுற்றியவளுக்கு அது தோளும் இடுப்பும் தப்பிய கதை. இலவச மின்விசிறியைக் கேலி செய்த தலையங்கங்களும் மின்விசிறியின் கீழ்தான் எழுதப்பட்டிருக்கும்.

கைப்பேசி இன்னும் வேகமாக ஓடியது. 1995 ஜூலை 31ஆம் தேதி நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு நடந்தபோது, மத்திய அமைச்சரோடு பேசியவர் மேற்கு வங்க முதல்வர். கால் நூற்றாண்டுக்குள், 2019இல், கல்லூரி விடுதியில் கைப்பேசிக்குத் தடை விதித்ததை எதிர்த்து மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்றது கேரள உயர் நீதிமன்றம். அடுத்த ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைக்கு வகுப்பறையே இல்லாமல் போனது.

வரி போடும் கை

ஒரு சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை தந்தாக வேண்டும் என்றால் அரசு தடுமாறுவது தெரியும். பிரிட்டிஷ் பொருளியலார் நிக்கோலஸ் கால்டரின் பரிந்துரையை ஏற்று 1957இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியோடு செலவு வரியையும் கொண்டுவந்தார். சம்பாதிப்பதற்கு இல்லாமல் செலவழிப்பதற்கு வரி. ஆடம்பரத்தைப் பிடிக்க இதைவிட நேரான வழி இல்லை. அது 1962இல் கைவிடப்பட்டு, 1964இல் திரும்ப வந்து, 1966இல் மறுபடி போனது. செல்வ வரியும் 2015 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. யார் எதற்குச் செலவு செய்தார் என்று பின்தொடர்வது அவ்வளவு கடினம். வந்த வரியும் சொற்பம்.

அரசியல் சட்டம் ஆடம்பரங்கள் மீதான வரியை மாநிலங்களுக்குக் கொடுத்திருந்தது. தமிழ்நாடு 1981இல் தங்கும் விடுதிகளுக்குச் சொகுசு வரி போட்டது. சில மாநிலங்கள் புகையிலைக்கே ஆடம்பர வரி விதித்தன. 2005இல் காட்ஃப்ரே பிலிப்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தடுத்தது. அந்தச் சொல் சுகித்து அனுபவிக்கும் செயலைக் குறிக்கிறது, பொருளைக் குறிக்கவில்லை, ஆகவே ஒரு பொருளுக்கு அந்தப் பெயரில் மாநிலம் வரி போட முடியாது என்றது. ஆடம்பரம் பொருளில் இல்லை, அனுபவத்தில் இருக்கிறது என்ற தத்துவ நிலைப்பாடு வரிச் சட்டத்தின் வழியே வந்து நின்றது. கேரளம் எளிய வழியைப் பிடித்தது: 1999 ஏப்ரலுக்குப் பின் கட்டிய வீடு 278.7 சதுர மீட்டரை, அதாவது சுமார் 3,000 சதுர அடியைத் தொட்டால் ஆண்டுதோறும் ஆடம்பர வரி. அளவுகோலை எடுத்து அளந்தால் போதும், வாதம் வேண்டாம்.

அமெரிக்காவில் 1991 முதல் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகு, விலை உயர்ந்த கார், நகை, விலங்கு ரோம ஆடை ஆகியவற்றுக்குப் பத்து சதவீதம் கூடுதல் வரி வந்தது. பணக்காரர்கள் படகு வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். படகுத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள் என்ற குரல் ஓங்கியது. 1993இல் காரைத் தவிர மற்றவற்றுக்கு வரி நீங்கியது. மாண்டவிலின் தேனீக்கள் வாஷிங்டனில் வென்றன.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது குங்குமத்துக்கும் பொட்டுக்கும் கண்ணாடி வளையலுக்கும் வரி இல்லை. சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம். தேவை எது, அலங்காரம் எது என்ற கேள்வி தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. ஓராண்டு நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2018 ஜூலையில் அந்த வரி நீக்கப்பட்டது. இதே நாப்கினைத் தமிழ்நாட்டு அரசு 2012 முதல் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தது. ஒரே பொருள் ஓர் அரசுக்குச் சுகாதாரத் தேவை, இன்னோர் அரசுக்கு வருவாய். பிரிட்டனில் இதே வரி 2021 ஜனவரியில்தான் ஒழிந்தது.

விற்பனைக்கு வந்த சொல்

பழிச்சொல்லாக இருந்தது விளம்பரத்தில் புகழ்ச்சொல் ஆனது சென்ற நூற்றாண்டின் மாற்றம். 1987இல் எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமம் உருவானபோது, கைவினைக் கடைகளாகத் தொடங்கிய பழைய பெயர்கள் உலகளாவிய தொழிலாகத் திரண்டன. அங்கே விற்கப்படுவது தோலும் தையலும் மட்டும் இல்லை, எல்லோருக்கும் கிடைக்காது என்ற உறுதிமொழியும்தான். காத்திருப்போர் பட்டியலே சரக்கின் பகுதி.

நம் ஊரில் இந்தச் சொல் வெகு தாராளமாகச் செலவாகிறது. இரண்டு படுக்கையறை அடுக்ககமும் ‘லக்ஸரி’, ஆம்னி பஸ்ஸும் ‘சொகுசு’. குற்றச் செய்தியில் வரும் கார் எப்போதும் ‘சொகுசு கார்’. பிடிபட்டவர் வசிப்பது எப்போதும் ‘சொகுசு பங்களா’. விளம்பரப் பக்கத்தில் ஆசை காட்டும் சொல் செய்திப் பக்கத்தில் குற்றத்துக்குச் சாட்சி சொல்கிறது. சென்னை மாநகரப் பேருந்தில் சொகுசு என்ற சொல்லுக்கு மிகத் துல்லியமான பொருள் உண்டு: கட்டணம் கூட. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். சொகுசுப் பேருந்தில் இல்லை. நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் பலகையின் நிறத்தைப் பார்த்து ஏறுவதும் விலகுவதும் இந்தச் சொல்லின் நடைமுறை விளக்கம்.

பூமியின் கணக்கு

இவ்வளவையும் பார்த்த பின், எல்லாம் பார்வையைப் பொறுத்தது, ஆடம்பரம் என்று ஒன்றுமே இல்லை என்று முடித்துவிடத் தோன்றும். அதைத் தடுப்பது காலநிலை. 1991இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார்கள். ஏழை விவசாயியின் நெல்வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் மீத்தேன் பிழைப்புக்கான உமிழ்வு. செல்வ நாட்டின் கார்களிலிருந்து வருவது ஆடம்பர உமிழ்வு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. அமெரிக்க மெய்யியலாளர் ஹென்றி ஷூ 1993இல் இதே வேறுபாட்டை அறவாதமாக விரித்தார். ஆடம்பரம் என்ற சொல்லைக் கீழிருந்து மேல்நோக்கி நீட்டிய அரிய தருணம் அது. வளிமண்டலத்தின் கொள்ளளவுக்கு எல்லை இருக்கிறது. ஒருவர் எடுக்கும் மிகுதி இன்னொருவரின் பங்கிலிருந்து போகிறது. ரூசோ அறமாகச் சொன்னதை இங்கே கரியமில வாயுவின் கணக்காகவே காட்ட முடிகிறது.

ஒரு சோதனை

பிரிட்டிஷ் பொருளியலார் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976இல் காட்டிய ஒரு வேறுபாடு இங்கே உதவும். சில பொருள்களின் பயன் மற்றவர்களிடமும் அவை இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. இதை நம் கேள்விக்குச் சோதனையாக ஆக்கிக்கொள்ளலாம்: இது எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் என்ன ஆகும்?

செருப்பு, குடை, மின்விசிறி, கிரைண்டர், நாப்கின் ஆகியவை ஊரில் எல்லோரிடமும் இருந்தாலும் யாருக்கும் பயன் குறையாது. இவற்றை ஆடம்பரம் என்றவர்கள் சொன்னது ‘உனக்கு இன்னும் நேரம் வரவில்லை’ என்பதைத்தான். காத்திருப்போர் பட்டியலோடு விற்கும் கைப்பை எல்லோர் தோளிலும் தொங்கினால் அதன் பயனே போய்விடும்; அது முறையான ஆடம்பரம். அதற்கு வரி போட்டால் வாங்குபவருக்கும் இழப்பில்லை. விலை ஏறுவது அதன் பெருமையைக் கூட்டவே செய்யும். தனி விமானம் மூன்றாம் வகை. அது எல்லோருக்கும் கிடைத்தால் பூமி தாங்காது. 40 சதவீதம் அதற்குப் பொருந்துகிறது. இன்னும் கூடினாலும் பொருந்தும்.

சோதனைக்கு எளிதில் அடங்காதவையும் உண்டு. தமிழ்க் குடும்பத்தின் தங்கம் கல்யாண மேடையில் படாடோபம், கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அடகுக் கடையில் மூலதனம். வங்கிக் கணக்கில் தன் பெயர் இல்லாத பெண்ணுக்குக் கழுத்தில் கிடப்பதே சொத்து. 1963இல் மொரார்ஜி தேசாய் நகைக்கு 14 காரட் வரம்பு வைத்தபோதும், 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோதும் அரசு முதல் முகத்தை மட்டும் பார்த்தது. 1990இல் சட்டத்தையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஏசி இன்னும் சிக்கலானது. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அப்போதும் ஏசிக்கு 28 சதவீத வரிதான். பேரிடரிலிருந்து காக்கும் கருவி ஆடம்பரப் படியில் இருந்தது. எல்லோரிடமும் இருந்தாலும் அறைக்குள் அது தரும் இதம் குறையாது. ஆகவே செருப்பின் வரிசை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் சூடும் தெருவில் கொட்டும், மின்நிலையம் கூடுதல் நிலக்கரி எரிக்கும். ஆகவே விமானத்தின் வரிசையிலும் ஒரு கால். வரி விகிதத்தை மட்டும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. சூட்டை உள்வாங்காத கூரை, காற்று நுழையும் கட்டடம், தெருவுக்கு மரம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் இயந்திரம், முதியோரும் கைக்குழந்தைகளும் பகலில் தங்கக் குளிர்ந்த பொது இடம் எல்லாம் சேர்ந்தால்தான் குளிர்ச்சி எல்லோருக்கும் எட்டும். தகரக் கூரையின் கீழ் மே மாதம் தூங்க முடியாமல் தவணையில் ஏசி வாங்குகிற குடும்பத்தைப் பார்த்து ஆடம்பரம் என்பவர், அந்த வேலைகளில் எதைச் செய்தோம் என்பதற்கு முதலில் கணக்குச் சொல்ல வேண்டும்.